நாட்டியமும் பட்டப்படிப்பும்: கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நாட்டியத்தை முழு முனைப்புடன் பயில விரும்பும் மாணவர் பலருக்கு, பட்டப்படிப்பையும் கைவிட மனம் வருவதில்லை. இரண்டுக்கும் உரிய இடம் தரும் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டமும், அதில் அடங்கிய பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களும் கொள்ளப்படுகின்றன. சென்னைக்கு அருகில் இருந்தும் சென்னையின் கலைநிறுவனங்களை எளிதில் எட்ட முடியாத பகுதி இது. ஆகவே இங்கிருந்து போடப்படும் கணக்கு, நகருக்கு வெளியே வாழும் மாணவர் எவருக்கும் ஓரளவு பொருந்தும்.

சிக்கலின் தன்மை

நாட்டியம் உடலால் கற்கும் கலை. அரைமண்டியில் நிற்கும் வலிமையும் அடவுகளின் துல்லியமும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் படித்து வருபவை அல்ல. நாள்தோறும் செய்யும் சாதகத்தால் ஆண்டுக்கணக்கில் சேர்பவை. பட்டப்படிப்பும் வகுப்பு, வாசிப்பு, செய்முறை, பருவத்தேர்வு என்று தனக்குரிய நேரத்தைக் கேட்கிறது. பதினேழு முதல் இருபத்தொரு வயது வரையிலான அதே நான்கு ஆண்டுகளுக்கு இரண்டும் போட்டியிடுகின்றன.

தவறான தேர்வின் இழப்பு இரு வகைப்படும். நாட்டியத்தை மட்டும் பற்றிக்கொண்டவர், பட்டம் கேட்கும் வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் பின்னாளில் திணறலாம். பட்டத்தை மட்டும் பற்றிக்கொண்டவர், உடல் பயிற்சிக்கு இசையும் பருவத்தைத் தவறவிட்டு, பிறகு தொடங்க முடியாமல் போகலாம். குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் ஆள் அவர் என்றால், இந்த இழப்பைத் தாங்கும் பின்புலமும் இருப்பதில்லை. அதனால் கல்லூரியின் புகழை விட, அங்கு ஒரு வாரத்தின் மணி நேரங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

ஆடலையும் கல்வியையும் எதிரெதிராக வைப்பது பழைய தமிழ் மரபு அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதைச் சொல்கிறது. அவளுக்கு ஆடலாசான் ஒருவர் மட்டும் போதவில்லை. இசையாசிரியர், புலவர், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர் ஆகியோரின் தகுதிகளையும் அக்காதை தனித்தனியே விரித்துரைக்கிறது. மொழியறிவும் இசையறிவும் ஆடற்பயிற்சியின் உறுப்புகளாகவே கருதப்பட்டன என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் இக்கலை நட்டுவனார் குடும்பங்களிலும் கோயில் சார்ந்த ஆடல் மகளிரிடமும் குருகுல முறையில் வாழ்ந்தது. இன்று கச்சேரிகளில் பின்பற்றப்படும் உருப்படி வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள். இருபதாம் நூற்றாண்டில் பயிற்சி, குருவின் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு நகர்ந்தது. சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு இசைக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டு, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல், 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1949இல் சென்னையில் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி, முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது.

நிறுவனம் வந்ததும் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவையும் வந்தன. எந்தச் சான்றிதழ், எத்தனை மணி நேரப் பயிற்சி என்ற கேள்விகள் அப்போதுதான் பிறந்தன.

நான்கு வழிகள்

தமிழ்நாட்டில் நாட்டியத்தையும் உயர்கல்வியையும் இணைக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. முழுநேரக் கலைநிறுவனம். திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்ரா இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நாடாளுமன்றம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது. இதன் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி, பரதநாட்டியத்தில் நான்காண்டுப் பட்டயப் படிப்பும், அதன்பின் ஈராண்டு மேல்பட்டயப் படிப்பும் நடத்துகிறது. பகல் முழுவதும் கலைக்கே செல்வதால் பயிற்சியின் ஆழம் மிகுதி. கிடைப்பது பட்டயம் என்பதால், பட்டம் வேண்டுவோர் அதைத் தனியே தேட வேண்டும்.

2. நாட்டியத்திலேயே பட்டம். தமிழ்நாடு அரசு 2013இல் சட்டம் இயற்றி அமைத்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களின் அரசு இசைக் கல்லூரிகள் இயங்குகின்றன. திருச்சியில் 1977இல் கிறித்தவத் துறவியரால் தொடங்கப்பட்ட கலைக்காவிரி, பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நாட்டியப் பட்டப்படிப்பு உண்டு. செய்முறையுடன் நாட்டிய சாத்திரம், அபிநய தர்ப்பணம், தாள இலக்கணம், கலை வரலாறு, மொழிப்பாடம் ஆகியவை சேர்ந்து பட்டமாகின்றன. எந்தக் கல்லூரியில் பட்டம், எதில் பட்டயம் என்பது மாறக்கூடியது. அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

3. பொதுப் பட்டமும் தனிக் குருவும். கலை அறிவியல் கல்லூரியில் தமிழ், வணிகவியல், கணிதம் போன்ற ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டு, மாலையிலும் விடுமுறையிலும் குருவிடம் பயில்வது. பொன்னேரியிலேயே 1965 முதல் அரசுக் கல்லூரி இருப்பதால், இவ்வட்டத்து மாணவருக்குப் பட்டத்துக்காக ஊரை விட்டுச் செல்ல வேண்டிய தேவை இல்லை. இவ்வழியின் வெற்றி முழுவதும் குருவின் தரத்தையும், அவர் இருக்கும் தொலைவையும் பொறுத்தது.

4. இரு படிப்புகள் ஒன்றாக. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களைப் படிக்கலாம். இரண்டும் நேரடி வகுப்புகள் என்றால் அவற்றின் நேரம் ஒன்றோடொன்று மோதக்கூடாது. ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை அல்லது இணையவழி என்றும் அமைத்துக்கொள்ளலாம். முழுநேரக் கலைப்பயிற்சியில் இருப்பவர் தொலைநிலையில் இலக்கியமோ வரலாறோ படிப்பது முன்பே இருந்த நடைமுறை. அந்தந்தப் பல்கலைக்கழகம் இதற்கான விதியை ஏற்றுள்ளதா என்று கேட்ட பின்பே சேர வேண்டும்.

மூன்றாம் வழியில் வந்தவர்கள் முதுகலையில் நாட்டியத்துக்கு மாறுவதும் உண்டு. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பரதநாட்டியமும் குச்சிப்புடியும் முதுகலை நிலையில் கற்பிக்கப்படுகின்றன. ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பழவேற்காட்டுப் பகுதியில் தெலுங்கு காதில் விழுந்து பழகிய மொழி. பரதநாட்டியத்தின் வர்ணங்களும் பதங்களும் பெருமளவு தெலுங்கில் இருப்பதால், அபிநயத்தில் இப்பகுதி மாணவருக்கு இது கூடுதல் பலம்.

இலங்கையிலும் பிற நாடுகளிலும்

இலங்கைத் தமிழர் பகுதிகளில் நாட்டியம் பல்கலைக்கழகப் பாடமாக நன்கு வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகமும் நடனத்தில் பட்டம் வழங்குகின்றன. பள்ளியிலும் நடனம் தேர்வுப் பாடமாக இருப்பதால், பட்டம் பெற்றவருக்கு ஆசிரியப் பணி இயல்பான தொடர்ச்சியாகிறது.

அமெரிக்காவில் இந்தச் சமநிலை பட்டத்தின் பெயரிலேயே தெரிந்துவிடும். நுண்கலை இளங்கலை என்ற பட்டத்தில் பாடங்களின் பெரும்பகுதி நடனம் சார்ந்தது. நடனத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பொது இளங்கலையில் பிற துறைப் பாடங்களே மிகுதி. நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகமும் ஏய்லி நடனப் பள்ளியும் 1998 முதல் கூட்டாக ஒரு பட்டப்படிப்பை நடத்துகின்றன. பயிற்சியை நடனப் பள்ளியும், பொதுக்கல்வியைப் பல்கலைக்கழகமும் ஏற்கின்றன. இரு நிறுவனங்களும் ஒரே நகரில் அருகருகே இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தொலைவு இங்கும் முடிவு செய்யும் காரணியாக இருப்பதைக் காணலாம்.

இரண்டையும் இணைத்தவர்கள்

கலாக்ஷேத்ராவில் சிறுவயதிலேயே சேர்ந்து பயின்ற சி. வி. சந்திரசேகர் (1935–2024), காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நடனப் பேராசிரியராகப் பணியாற்றினார். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்ற பத்மா சுப்ரமணியம், சிற்பங்களிலும் நாட்டிய சாத்திரத்திலும் காணப்படும் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அலர்மேல் வள்ளி சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். நாட்டியத்தைப் பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடமும் அவர் மகன் சுப்பராய பிள்ளையிடமும் கற்றார்.

மூவரின் வழியும் வெவ்வேறு. ஒருவர் அறிவியலைத் தனியே படித்தார், ஒருவர் கலையையே ஆய்வுப்பொருளாக்கினார், ஒருவர் பொதுப் பட்டத்தையும் குருவையும் இணையாக வைத்துக்கொண்டார். மூவருக்கும் பொதுவாக இருந்தது இளமையிலேயே கிடைத்த நல்ல ஆசிரியர். கல்லூரியில் சேரும் முன்பே அடிப்படை உறுதியாக இருந்தால், கல்லூரி ஆண்டுகளில் இரண்டையும் சுமப்பது எளிதாகும்.

நேரக் கணக்கு

பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்ன நாள் இன்னாருக்கு என்று முன்பே தெரிந்திருக்கும். நாட்டியமும் படிப்பும் ஒரே நாளைப் பகிரும்போதும் அப்படி ஒரு முறை எழுத்தில் இருக்க வேண்டும்.

கூனங்குப்பம், அரங்கங்குப்பம் போன்ற ஊர்களில் வாழும் மாணவி சென்னைக்குத் தினமும் சென்று வருவதாகக் கொள்வோம். முதலில் பழவேற்காடு வந்து, பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் செல்ல வேண்டும். பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வரை சுமார் 35 கிலோமீட்டர் புறநகர் ரயில். அங்கிருந்து பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் ஏறினால் இசைக் கல்லூரிக்குக் கிரீன்வேஸ் சாலையிலும், கலாக்ஷேத்ராவுக்குத் திருவான்மியூரிலும் இறங்கலாம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும்.

போக வர நாளுக்கு ஐந்து மணி நேரம். வாரத்தில் ஆறு நாள் என்றால் முப்பது மணி நேரம். வகுப்புக்கு வெளியே அவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் சாதகம் செய்தாலும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமே. பயிற்சியைப் போல இரண்டரை மடங்கு நேரம் பயணத்தில் போகிறது. அந்த நேரம் முதலில் உறக்கத்திலிருந்தும், அடுத்துப் படிப்பிலிருந்தும், இறுதியில் சாதகத்திலிருந்தும் எடுக்கப்படும். களைத்த உடலோடு ஆடுவதால் கணுக்காலும் முழங்காலும் காயப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

இக்கணக்கிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. சென்னையில் முழுநேரக் கலைக்கல்வி என்றால் விடுதி இடம் உறுதியான பிறகே சேர்வது நல்லது. பொன்னேரி நகரிலேயே வசிப்பவருக்குப் பேருந்துப் பயணம் மிச்சமாவதால், தினசரிப் பயணம் கடினமே தவிர இயலாதது அன்று. விடுதி கிடைக்காத ஏரிக்கரை மாணவருக்கு, பொன்னேரியில் பட்டமும் வார இறுதியில் சென்னைக் குருவும் என்ற மூன்றாம் வழி பொருத்தமானது. இதில் வார நாள் காலைச் சாதகத்தை எவர் மேற்பார்வையும் இன்றித் தானே செய்யும் ஒழுங்கு தேவை.

ஆண்டுக் கணக்கும் உண்டு. பல்கலைக்கழகப் பருவத்தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. சென்னையின் மார்கழி இசைவிழாவும் அதே காலம். நிகழ்ச்சிகளுக்காகத் தவறும் நாள்களுக்கு வருகைப்பதிவில் சலுகை உண்டா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

சான்றிதழின் மதிப்பு

பட்டம், பட்டயம், சான்றிதழ் ஆகிய மூன்றும் வேறு வேறு. பட்டத்தைச் சட்டப்படி வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அந்த உரிமை பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. ஒரு நாட்டியப் பள்ளி தன் சான்றிதழைப் பட்டம் என்று அழைத்தாலும், அதை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கல்லூரி விரிவுரையாளராக விரும்புவோருக்கு முதுகலைப் பட்டமும், தேசியத் தகுதித் தேர்வு போன்ற தகுதியும் தேவைப்படும். அத்தேர்வில் நடனம், நாடகம் ஆகியவற்றுக்குரிய நிகழ்த்துகலைப் பாடம் உள்ளது. ஆட்சிப்பணி, வங்கி போன்ற பொதுப் போட்டித் தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்பதால், நாட்டியத்தில் பெற்ற பட்டமும் அங்குச் செல்லும். மேடைக் கலைஞராகவோ சொந்தப் பள்ளி நடத்துபவராகவோ விளங்க, காகிதத்தை விட ஆட்டமே பேசும். எந்த வேலையை நோக்கிச் செல்கிறோம் என்பது தெரிந்தால், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

கல்லூரிக்குள் கவனிக்க வேண்டியவை

இசைத்துணை: நட்டுவாங்கம், மிருதங்கம், வாய்ப்பாட்டு ஆகியவற்றுடன் நேரடியாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு மட்டுமே ஆடிப் பழகியவர், மேடையில் தாளம் சற்று மாறினாலும் தடுமாறுவார். மாணவருக்கே நட்டுவாங்கமும் பாட்டும் கற்பிக்கப்படுமானால் அது நல்ல அறிகுறி.

தரை: வெறும் சிமெண்டுத் தரையில் நாள்தோறும் தட்டடவு போடுவது குதிகாலுக்கும் முன்காலுக்கும் கேடு. மரப்பலகைத் தரையோ, அதிர்வைத் தாங்கும் வேறு அமைப்போ உண்டா என்று நேரில் பார்க்கலாம். காயம்பட்ட மாணவருக்கு ஓய்வும், தவறிய பாடத்தை ஈடுசெய்யும் வழியும் தரப்படுகின்றனவா என்பதும் முக்கியம்.

பாதுகாப்பு: நாட்டிய வகுப்பில் ஆசிரியர் மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்தும் சூழல் உண்டு. குருவிடம் எதிர்த்துப் பேசலாகாது என்ற மரபும் சேரும்போது, தவறு நடந்தால் வெளியே சொல்லத் தயக்கம் வரும். 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவியர் பாலியல் தொல்லைப் புகார்களை எழுப்பிப் போராடினர். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எவ்வளவு பெரிய பெயருடைய நிறுவனமாக இருந்தாலும், சட்டப்படி அமைக்கப்பட்ட உள் புகார்க் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர்கள் மாணவர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளனவா என்று பெற்றோர் கேட்பதில் தவறேதும் இல்லை.

செலவும் உதவிகளும்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவற்றை நம்பிய குடும்பங்களில் வருமானம் சுருங்கும் இதே காலத்தில்தான் கல்லூரி விண்ணப்பமும் சேர்க்கைக் கட்டணமும் வருகின்றன. ஆகவே கட்டண விவரத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது உதவும். கல்விக் கட்டணத்துடன் விடுதி, பயணம், ஆடை, சலங்கை, அரங்கேற்றம் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அரங்கேற்றத்தைப் பெரும் செலவில் நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பட்டப்படிப்பில் இல்லை. படிப்பின் தேர்வு மேடையே போதுமானது.

கிடைக்கக்கூடிய உதவிகள் சில:

• புதுமைப் பெண் திட்டம்: 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வி தொடரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. சேரவிருக்கும் கலைநிறுவனம் இத்திட்டங்களில் அடங்குமா என்று கேட்டறிய வேண்டும்.

• மீனவர் நல வாரியம்: உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. பெற்றோரின் உறுப்பினர் பதிவு நடப்பில் இருக்க வேண்டும்.

• நடுவண் அரசின் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம்: 10 முதல் 14 வயதுக்குள் தேர்வாகும் சிறார்க்குக் கலைப் பயிற்சிக்கான உதவித்தொகை தருகிறது.

• இளம் கலைஞர் உதவித்தொகை: 18 முதல் 25 வயதுக்குள் உள்ளவர்க்கு ஈராண்டுகள், மாதம் 5,000 ரூபாய்.

பள்ளிப் பருவத்திலேயே பயிற்சி தொடங்க, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் குறைந்த கட்டணத்தில் பரதநாட்டியம் கற்பிக்கின்றன. பதினேழு வயதில் எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு, பத்து வயதில் கிடைத்த இப்பயிற்சி பாதி விடையாக அமையும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

• வாரத்தில் ஆடும் வகுப்பு எத்தனை மணி நேரம், ஏட்டுப் பாடம் எத்தனை மணி நேரம்? அச்சிட்ட கால அட்டவணையைக் காட்டுவார்களா?

• ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்? ஆசிரியர் ஒவ்வொருவரையும் திருத்த நேரம் கிடைக்கிறதா?

• படிப்பின் முடிவில் கிடைப்பது பட்டமா, பட்டயமா? வழங்குவது யார்?

• கடந்த சில ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

• விடுதி உண்டா? மாலைப் பயிற்சி முடிந்து திரும்ப வண்டி வசதி உண்டா?

• நாட்டியத்தைத் தொடர முடியாத நிலை வந்தால், அதுவரை படித்த பாடங்கள் வேறு படிப்புக்குக் கணக்கில் வருமா?

இக்கேள்விகளுக்கு அலுவலகம் தரும் விடையோடு நின்றுவிடாமல், ஒரு நாள் வகுப்பை நேரில் காண இசைவு கேட்பது நல்லது. இறுதியாண்டு மாணவரின் ஆட்டத்தையும் பார்த்து, அவர்களிடம் பேசினால் கால அட்டவணையில் எழுதியிருப்பது நடைமுறையில் உள்ளதா என்பது தெரியும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பமும், கலைநிறுவனங்களின் தனி விண்ணப்பமும், நேர்முகத் தேர்வும் வெவ்வேறு நாள்களில் முடியலாம். இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பித்து வைத்திருப்பவர், விடுதியும் உதவித்தொகையும் உறுதியான பின் பதற்றமின்றி முடிவெடுக்க முடியும்.